கெட்_ போட்டா ஏன் திட்றாங்க? ரூபில மெத்தட் பேர் வைக்கிறதுல ஒரு சந்தேகம்

ஜாவால_இருந்து_வந்தவன்

வணக்கம் மக்களே. நாலு வருஷம் ஜாவா, ஸ்பிரிங் பூட்னு ஓட்டிட்டு இருந்தேன், ரெண்டு மாசம் முன்னாடி கம்பெனி மாறினேன், இங்க எல்லாமே ரூபி ஆன் ரெயில்ஸ். துணி மொத்த வியாபாரக் கடைங்களுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர். மொழி புடிச்சிருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். (கீபோர்ட மாத்தி மாத்தி அடிக்க சோம்பேறித்தனமா இருக்கு, மெத்தட் பேரெல்லாம் தமிழ்லயே அடிக்கிறேன், பொறுத்துக்கோங்க.)

போன வாரம் மொத பெரிய புல் ரிக்வெஸ்ட் (எழுதின கோட சேத்துக்கோங்கன்னு ரிவியூக்கு அனுப்புறது) போட்டேன். 11 கமெண்ட் வந்துச்சு. லாஜிக் பத்தி ரெண்டே ரெண்டு, மீதி ஒம்போதும் பேர் பத்தி!! ஒம்போதையும் சொன்னா அழுதுருவேன், முக்கியமானத மட்டும் சொல்றேன்.

கெட்_பெண்டிங்_பில்ஸ்னு வச்சிருந்தேன், கெட்_ எடுத்துரு வெறும் பெண்டிங்_பில்ஸ் போதும்னு சொல்லிட்டாங்க. சரி. ஆனா அதே ஃபைல்ல கெட்_ரேட்(ஐட்டம்)னு ஒன்னு இருக்கு, அதுக்கு ரூபோகாப்பும் (கோட் ஸ்டைல் பாக்குற டூல்) கத்தல, ரிவியூ பண்ணவரும் கண்டுக்கல. அப்ப ரூல் என்ன?

இஸ்_கிரெடிட்_கஸ்டமர்னு வச்சேன், அத கிரெடிட்_கஸ்டமர்? ஆக்க சொன்னாங்க. கேள்விக்குறி பேர்லயே வரலாம்னு தெரியும், ஆனா இஸ்_ இருந்தா என்ன குடி முழுகிப் போச்சு?

அப்புறம் அப்ளை_டிஸ்கவுண்ட்!னு ஆச்சரியக்குறியோட வச்சேன், ஏன்னா அது பில்லோட தொகையவே மாத்துது. மாத்துற மெத்தடுக்கு ஆச்சரியக்குறின்னுதான் ஒரு வீடியோல பாத்து கத்துக்கிட்டேன். அதுக்கு வந்த கமெண்ட் "ஜோடி இல்லாம பேங் வைக்காத". பேங்னா ஆச்சரியக்குறிதான். என்ன ஜோடி, கல்யாணமா பண்றோம்?

கடைசியா செக்_ஸ்டாக்னு ஒன்னு. அதுக்கு வந்த கமெண்ட் அப்படியே கீழ.

"செக் பண்ணி?"

அவ்ளோதான், ஒரு விளக்கமும் இல்ல. ரெண்டு நாளா அத பாத்துட்டே இருக்கேன். ரிவியூ பண்ற அக்கா நல்லவங்கதான், கேட்டா சொல்லுவாங்க, ஆனா வந்த ரெண்டாவது மாசமே ஒம்போது கேள்விய தூக்கிட்டு போய் நிக்க ஒரு மாதிரி இருக்கு. இதெல்லாம் வெறும் ஸ்டைல் பஞ்சாயத்தா, இல்ல நிஜமாவே காரணம் இருக்கா?

பழைய_தண்டவாளம்

தம்பி, உங்க அக்காவ எனக்கு இப்பவே புடிச்சிருக்கு. "செக் பண்ணி?"ங்கிற ஒத்த கேள்விய பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டலாம். அத கடைசில சொல்றேன், மொதல்ல கெட்_ விஷயம்.

ஜாவால பில்.டோட்டல்னு எழுதினா அது ஃபீல்டு, பில்.கெட்டோட்டல்()னு எழுதினா மெத்தட், ரெண்டும் கண்ணால பாத்தாலே வேற. ஃபீல்ட பிரைவேட்டா வச்சு கெட்டர் வழியாத்தான் குடுக்கணும்னு பழக்கமாச்சு, அதுனால கெட்டுக்கு அங்க ஒரு வேலை இருந்துச்சு. ரூபில வெளிய இருந்து ஃபீல்ட தொடவே முடியாது, பில்.டோட்டல்னு எழுதினாலே அது மெத்தட் கால்தான், அடைப்புக்குறியும் கட்டாயம் இல்ல. உள்ள அட்ரிபியூட் ரீடரா, அம்பது லைன் கணக்கு போட்டு வர்றதான்னு கூப்பிடுறவனுக்கு தெரியவும் வேணாம். இன்னிக்கு டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு காலமா இருக்கறத நாளைக்கு கணக்கு போடுற மெத்தடா மாத்தினா, கூப்பிடுற எடத்துல ஒரு எழுத்து மாறாது. அப்ப கெட்_ங்கிற மூணு எழுத்து என்னத்த சொல்லுது? ஒன்னும் சொல்லல.

ரூபோகாப் கெட்_ரேட்(ஐட்டம்)க்கு ஏன் கத்தலன்னா அந்த ரூல் ஆர்கியூமெண்ட் இல்லாத கெட்_டையும் ஒரே ஒரு ஆர்கியூமெண்ட் வாங்குற செட்_டையும் மட்டும்தான் புடிக்கும். ஐட்டம்னு ஒன்ன உள்ள வாங்கினா அது வெறும் ரீடர் இல்லன்னு விட்டுருது. ஆனா நான் ரிவியூ பண்ணா அதையும் ரேட்_ஃபார்(ஐட்டம்)னு மாத்த சொல்லுவேன், உங்க அக்கா அன்னிக்கு களைச்சு போயிருப்பாங்க.

பேங் விஷயத்துல வீடியோக்காரர் உங்கள ஏமாத்திட்டார். மாத்துற மெத்தடுக்கெல்லாம் ஆச்சரியக்குறின்னா புஷ், டெலீட், கிளியர், கான்கேட் இதுக்கெல்லாம் எங்க? எல்லாமே அர்ரேவ அப்படியே மாத்தறதுதான், ஒன்னுக்கும் குறி கிடையாது. ஸ்கீம்னு ஒரு பழைய மொழில வேணா செட்!னு மாத்தறதுக்கெல்லாம் வைப்பாங்க, கேள்விக்குறியும் அங்கயே இருந்துச்சு. ரூபில பேங்னா "இதே பேர்ல சாது ஒருத்தன் இருக்கான், நான் அவனோட முரட்டு அண்ணன்"னு அர்த்தம். சார்ட் இருக்கறதால சார்ட்!. ரெயில்ஸ்ல சேவ், சேவ்! ரெண்டுமே டேட்டாபேஸ்ல எழுதும், ரெண்டுமே மாத்தும். வேலிடேஷன் தப்பாச்சுன்னா சேவ் பொய்யின்னு திருப்பி குடுத்துட்டு கம்முனு இருக்கும், சேவ்! எக்ஸெப்ஷன (ஓட்டத்தையே நிறுத்துற பிழை) தூக்கி மூஞ்சில எறியும். முரட்டுத்தனம் எடத்துக்கு எடம் வேற, ஆனா ஜோடி இருந்தாத்தான் அந்த குறிக்கே அர்த்தம். உங்க அப்ளை_டிஸ்கவுண்ட்!க்கு குறி இல்லாத தம்பி இல்ல, அப்புறம் படிக்கறவன் அந்த தம்பிய தேடிக்கிட்டே ஃபைல் முழுக்க அலைவான்.

இன்னொன்னு இதுலயே சொல்லிடறேன், யூனிக்! மாதிரி சில பேங் மெத்தட் மாத்த ஒன்னும் இல்லன்னா நில் (ஒன்னும் இல்லங்கற மதிப்பு) திருப்பி குடுக்கும். லிஸ்ட்.யூனிக்!.மேப்னு சங்கிலி போட்டீங்கன்னா டூப்ளிகேட் இருக்கற டெஸ்ட் டேட்டால ஜோரா ஓடும், டூப்ளிகேட்டே இல்லாத நல்ல டேட்டா வந்த அன்னிக்கு வெடிக்கும். சுத்தமான டேட்டா வந்ததால ப்ரொடக்‌ஷன் விழுந்துச்சுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க, மூஞ்சிய பாக்கணும்.

இப்ப செக்_ஸ்டாக். நான் முன்னாடி இருந்த ஒரு எடத்துல (பேர் வேணாம்) இதே பேர்ல ஒரு மெத்தட். மொதல்ல எழுதினவன் கையிருப்பு இருக்கா இல்லையான்னு உண்மை பொய் மட்டும் குடுக்கற மாதிரிதான் எழுதினான். ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர் வந்து, இருந்தா அப்படியே ஆர்டருக்கு ஒதுக்கி வச்சிடலாமேன்னு உள்ளயே நாலு லைன் சேத்துட்டார், பேர மட்டும் மாத்தல. அதுவும் செக் பண்றதுதானேன்னு அவர் கணக்கு. அப்புறம் நான் வந்தேன். ஐட்டம் பேஜ்ல "கையிருப்பு உள்ளது"ன்னு பச்சையா காட்டணும்னு டிக்கெட் வந்துச்சு, பேர பாத்தேன், செக்_ஸ்டாக், ஆஹா ரெடியா இருக்கேன்னு வியூல தூக்கி போட்டேன். கஸ்டமர் பேஜ ரிஃப்ரெஷ் பண்ண பண்ண ஒவ்வொரு பீஸா ஒதுக்கல்ல போகுது. மதியம் சாப்பாட்டுக்குள்ள கொடோன்ல 300 பீஸ் இருக்கற சட்டத்துணி ஸ்க்ரீன்ல பூஜ்யம். கடைக்காரர் போன் பண்ணி "திருட்டு போச்சா தம்பி"ன்னு கேட்டார்.

அதுனாலதான் "செக் பண்ணி?". செக் பண்ணி என்ன பண்ணுது? உண்மை பொய் குடுக்குதா, இல்லன்னா எக்ஸெப்ஷன் எறியுதா, எடுத்து வச்சுக்குதா? இன்_ஸ்டாக்?னு கேள்விக்குறி போட்டிருந்தா அந்த மனுஷன் அதுக்குள்ள ஒதுக்குற கோட போட கை கூசியிருக்கும். ரிசர்வ்_ஸ்டாக்னு இருந்திருந்தா நான் அத வியூல வச்சிருக்கவே மாட்டேன்.

நல்_பாயிண்டர்

தண்டவாளம் அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா ஜாவாக்காரங்க என்னவோ பொழுது போகாம கெட் போட்டாங்கங்கிற மாதிரி ஒரு தொனி வருது பாருங்க, அத மட்டும் கொஞ்சம் இழுத்து புடிக்கணும்.

கெட், செட், இஸ் எல்லாம் மனுஷன் படிக்கறதுக்கு மட்டும் வச்சது இல்ல, டூல் படிக்கறதுக்கு வச்சது. 1990கள்ல ஜாவாபீன்ஸ்னு கொண்டு வந்தப்ப, ஒரு கிளாஸ்ல என்னென்ன ப்ராப்பர்ட்டி இருக்குன்னு டூல் தானா கண்டுபிடிக்கணும்னா மெத்தட் பேர்லயே அடையாளம் வேணும்னு வச்ச ஏற்பாடு அது. இன்னிக்கு வரைக்கும் ஜாக்ஸன் மாதிரி லைப்ரரி எல்லாம் அந்த பேர நம்பித்தான் ஜேஸான் (சாஃப்ட்வேருங்க டேட்டா பரிமாறிக்கிற எழுத்து வடிவம்) பண்ணுது. அதாவது அங்க பேர்ங்கறது கிட்டத்தட்ட கான்ஃபிகரேஷன். பேர் தப்பா வச்சா ஸ்டைல் கெடாது, அவுட்புட்டே கெடும்.

நானே மாட்டியிருக்கேன். பூலியன் (உண்மை பொய்) ஃபீல்டுக்கு இஸ்ஆக்டிவ்னு பேர் வச்சேன், லாம்பாக்னு கெட்டர தானா எழுதிக் குடுக்கற லைப்ரரி கெட்டர் பண்ணி குடுத்துச்சு, அதுவும் இஸ்ஆக்டிவ்()தான். நியாயமா இஸ்இஸ்ஆக்டிவ்னு வந்திருக்கணும்ல, அசிங்கமா இருக்கும்னு அதுவே ஒரு இஸ்ஸ முழுங்கிடுது. ஜாக்ஸன் அந்த மெத்தட பாத்து "ஓ, ஆக்டிவ்னு ஒரு ப்ராப்பர்ட்டி"ன்னு முடிவு பண்ணி ஜேஸான்ல வெறும் ஆக்டிவ்னு அனுப்பிடுச்சு. மொபைல் ஆப் டீம் இஸ்ஆக்டிவ்வ எதிர்பாத்து உக்காந்திருக்காங்க, வரல, அவங்க கோட்ல வரலன்னா பொய்னு எடுத்துக்கும், அம்புட்டு கஸ்டமரும் செயலிழந்த கணக்கா தெரிஞ்சாங்க. ரெண்டு டீமும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டிக்கிட்டே ஒரு நாள் போச்சு. இதுல இன்னொரு கூத்து, சின்ன எழுத்து பூலியனுக்குத்தான் இஸ், பெரிய எழுத்து பூலியன் டைப்பா இருந்தா கெட் தான் வரும்.

ஆனா ஒன்னு ஒத்துக்கறேன், ஜாவாவே இப்ப திருந்திடுச்சு. 2021ல ஜாவா 16ல ரெக்கார்டு முழுசா வந்துச்சு, அதுல நேம்()னுதான் வரும், கெட்நேம்() இல்ல. கோ மொழில ஆரம்பத்துல இருந்தே கெட்டருக்கு கெட் வைக்காத, ஓனர்()னு வை, செட்டருக்கு மட்டும் செட்ஓனர்னு வைன்னுதான் சொல்றாங்க. ஆக கேள்வி கேட்டவரே, நீங்க ஜாவாலயே இருந்திருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள்ல யாராவது வந்து இதே கமெண்ட் போட்டிருப்பாங்க.

குறுக்க_பேசுறவன்

எல்லாரும் ரூபிக்கு பல்லக்கு தூக்குறீங்க. ரூபி ஒழுங்கா? இருக்கான்னு கேக்க ஃபைல்ல எக்ஸிஸ்ட்? மட்டும்தான், எக்ஸிஸ்ட்ஸ்?னு ஒரு எஸ் சேத்தது ரொம்ப நாளா டெப்ரிகேட் ஆகி (இனி வேணாம்னு ஒதுக்கி) கெடந்து 3.2ல தூக்கியே போட்டாங்க, 2022 டிசம்பர்ல. நல்லா ஓடிட்டு இருந்த பழைய ஜெம் (ரூபி லைப்ரரி) ரெண்டு அந்த அப்கிரேடுல என்கிட்ட செத்துச்சு. சரி, எஸ் வேணாம்னு முடிவு போலன்னு பாத்தா ரெயில்ஸ்ல யூசர்.எக்ஸிஸ்ட்ஸ்?னு எஸ்ஸோட கம்பீரமா நிக்குது. ஃபைல்னா எஸ் கூடாது, யூசர்னா எஸ் வேணும், இதுக்கு ஜாதகம் பாத்துத்தான் எழுதணும்.

ஃபைண்டும் அப்படித்தான். ரெயில்ஸ் மாடல்ல ஃபைண்ட் கெடைக்கலன்னா எக்ஸெப்ஷன், ஃபைண்ட்_பை கெடைக்கலன்னா நில், அர்ரேல ஃபைண்ட் கெடைக்கலன்னா நில். ஒரே பேர், ரெண்டு குணம். மேப்புக்கு கலெக்ட்னு இன்னொரு பேர், ரெட்யூஸுக்கு இன்ஜெக்ட், செலக்டுக்கு 2.6ல ஃபில்டர்னும் ஒன்ன சேத்தாச்சு. இந்த மொழிக்காரங்க மத்தவனுக்கு பேர் வைக்கிற பாடம் எடுக்கறாங்க, நல்லா இருக்கு.

பழைய_தண்டவாளம்

@குறுக்க_பேசுறவன் அடிங்க அடிங்க, ஃபைண்ட் விஷயத்துல எனக்கும் பதில் இல்ல. கலெக்ட், செலக்ட், டிடெக்ட், இன்ஜெக்ட் எல்லாம் ஸ்மால்டாக்னு ஒரு பழைய மொழில இருந்து வந்த வாரிசு, மேப், ரெட்யூஸ் வேற ஊர்ல இருந்து வந்தது, ரெண்டு பக்கத்து சொந்தமும் வீட்டுக்கு வந்துட்டு போகட்டும்னு கதவ தொறந்து வச்சிட்டாங்க. டீமுக்குள்ள ஒன்ன மட்டும் எடுத்துக்கிட்டு மத்தத மறந்துடறதுதான் வழி.

ஆனா ரெண்டு பேர் இருந்தா எப்பவும் வீண்னு சொல்லாதீங்க. சைஸ், லெங்த், கவுண்ட் மூணையும் எடுத்துக்கோங்க, அர்ரேல மூணும் ஒரே நம்பரத்தான் குடுக்கும். ரெயில்ஸ் அசோசியேஷன்ல (பில்லுக்கும் அதோட ஐட்டத்துக்கும் இருக்கற மாதிரி தொடர்பு) போய் பாருங்க, கவுண்ட்னா எப்பவுமே டேட்டாபேஸ்கிட்ட போய் எண்ணிட்டு வா, லெங்த்னா எல்லா ரோவையும் மெமரிக்கு தூக்கிட்டு வந்து எண்ணு, சைஸ்னா ஏற்கனவே தூக்கிட்டு வந்திருந்தா இங்கயே எண்ணு, இல்லன்னா அங்க போய் எண்ணு. பில் லிஸ்ட் பேஜ்ல ஒவ்வொரு பில்லுக்கும் எத்தன ஐட்டம்னு காட்ட ஒருத்தர் கவுண்ட் போட்டிருந்தார். ஐட்டமெல்லாம் இன்க்ளூட்ஸ் வச்சு முன்கூட்டியே லோட் பண்ணியாச்சு, அப்படியும் கவுண்ட் கேக்கல, பில்லுக்கு ஒரு குவெரி, 200 பில்லு 200 குவெரி. கவுண்ட்ங்கறத சைஸ்னு மாத்தினேன், அம்புட்டு குவெரியும் காணாம போச்சு. ஒரு வார்த்தைதான். இது தெரியாதவனுக்கு மூணும் ஒன்னுதானேன்னு தோணும், பேர் வச்ச விதம் சரியில்லன்னுகூட சொல்லலாம், ஆனா பேருக்கு பின்னாடி செலவு இருக்குங்கறது மாறாது.

நிரல்_வாத்தி

நான் காலேஜ்ல ரூபியும் பைத்தானும் நடத்துறவன், இந்த பஞ்சாயத்து எங்க லேப்ல வாரா வாரம் நடக்கும், அதுனால உள்ள வர்றேன்.

பசங்களுக்கு கேள்விக்குறி மெத்தட சொல்லிக் குடுக்கறதுல நான் தமிழத்தான் புடிச்சுக்கறேன். இங்கிலீஷ்ல கேள்வி கேக்கணும்னா இஸ்ஸ முன்னாடி தூக்கி வைக்கணும், அந்த புத்திதான் இஸ்_எம்ப்டி. நம்ம பேச்சுல அப்படி எதையாவது முன்னாடி வைக்கிறோமா? "டப்பா காலி"ன்னா சேதி, "டப்பா காலியா"ன்னா கேள்வி, கடைசில ஒரு ஆ ஒட்டினா முடிஞ்சது. ரூபில எம்ப்டி? அதே வேலையத்தான் செய்யுது, குறி கடைசில ஒட்டுது. உங்க கிரெடிட்_கஸ்டமர்? "கடன் கஸ்டமரா?" தான். இத ஒரு தடவ சொல்லிட்டேன்னா அந்த பையன் அப்புறம் ஜென்மத்துக்கும் இஸ்_எம்ப்டி?னு ரெண்டு பக்கமும் தாழ்ப்பா போட மாட்டான். குறுக்க பேசுறவர் எஸ் இல்லாத எக்ஸிஸ்ட்? பாத்து கடுப்பாகறார், இன்க்ளூட்?டும் அப்படித்தான், இங்கிலீஷ் காதுக்கு அது நொண்டிதான், ஆனா எஸ் எப்ப வரும் எப்ப வராதுன்னு முழிக்கிற என் பசங்களுக்கு வினையடி மட்டும் போதும்ங்கறது பெரிய நிம்மதி. ஜாவாஸ்கிரிப்ட்ல எஸ்ஸோட இன்க்ளூட்ஸ்னு வச்சாங்களே, அதுவும் இலக்கணம் பாத்து வச்சதில்ல, கன்டெய்ன்ஸ்னு வைக்கத்தான் பாத்தாங்க, மூடூல்ஸ்னு ஒரு பழைய லைப்ரரி அந்த பேர ஏற்கனவே புடிச்சு வச்சிருந்ததால வெப்சைட்டெல்லாம் உடையும்னு மாத்தினாங்க.

மாத்துறதா மாத்தாததாங்கறதுக்கு ஸ்விஃப்ட்காரங்க வேற வழி புடிச்சாங்க, 2016ல ஸ்விஃப்ட் 3 வந்தப்ப. சார்ட்னா இருக்கறதையே அடுக்கு, சார்ட்டட்னா அடுக்கின புதுசு ஒன்ன குடு. பைத்தான்லயும் இந்த ஜோடி உண்டு, லிஸ்ட்.சார்ட்() நன் (ஒன்னும் இல்ல) குடுக்கும், சார்ட்டட்(லிஸ்ட்) புது லிஸ்ட் குடுக்கும். வருஷா வருஷம் மொத செமஸ்டர்ல லிஸ்ட் = லிஸ்ட்.சார்ட்()னு எழுதி லிஸ்ட்டயே தொலைச்சுட்டு நாலு பேராவது வந்து நிப்பாங்க. நான் போர்டுல "அடுக்கு", "அடுக்கிய" ரெண்டையும் எழுதுவேன். மொதலு ஏவல், சொன்னா வேலை நடக்கும், கைக்கு எதுவும் திரும்ப வராது. ரெண்டாவது பெயரெச்சம், அதுக்கு பின்னாடி ஒரு பெயர் வந்தே ஆகணும், அடுக்கிய என்னது? அடுக்கிய லிஸ்ட். பத்தாங்கிளாஸ்ல மார்க்குக்காக மனப்பாடம் பண்ண பெயரெச்சம் இங்க வந்து பக் புடிக்கும்னு எங்க தமிழம்மாவே நெனச்சிருக்க மாட்டாங்க.

தமிழ்லயே பேர் வச்சா என்னன்னு அடுத்து வரும், நாங்க வச்சுப் பாத்துட்டோம். ரூபில மெத்தடுக்கு காலியா?ன்னே பேர் வைக்கலாம், ஓடுது. கிளாஸுக்கு கணக்குன்னு வச்சாத்தான் ஒதைக்குது, கிளாஸ் பேர் கேப்பிட்டல் எழுத்துல ஆரம்பிக்கணும், தமிழ்ல ஏது கேப்பிட்டல். பசங்க முன்னாடி ஒரு இங்கிலீஷ் எழுத்த ஒட்டி சமாளிச்சாங்க. கோ மொழில இன்னும் மோசம், அங்க கேப்பிட்டல்ல ஆரம்பிச்சாத்தான் பேக்கேஜுக்கு வெளிய தெரியும், அதோட ஐடென்டிஃபையர்ல (நாம வைக்கிற பேர்ல) எழுத்தும் எண்ணும் அண்டர்ஸ்கோரும் தவிர கொம்பு, கால், புள்ளி எதுவும் கூடாது. அதாவது பல, அகலன்னு வைக்கலாம், தொகைன்னோ வரின்னோ வைக்க முடியாது. வரி போடாத பில்லிங் சாஃப்ட்வேர் வேணா எழுதலாம்.

பைத்தான் 3ல பிரச்சனை இல்ல, கொம்பும் காலும் தனித்தனியா அடிச்சாலும் சேத்து அடிச்சாலும் அதுவே ஒன்னாக்கிக்கும். ரூபி அப்படி ஒன்னாக்காது. ஒரு பொண்ணு கீபோர்டுல அடிச்ச தொகையும் பக்கத்து பையன் அடிச்ச தொகையும் ஸ்க்ரீன்ல அச்சு அசல் ஒன்னு, ரூபிக்கு வேற வேற. முக்கால் மணி நேரம் ரெண்டு பேரும் எழுத்து எழுத்தா பாத்தும் புரியல, நானும் சேந்து முழிச்சேன். எழில் மொழி மாதிரி தமிழுக்குன்னே செஞ்சதுல எழுதினா சுகம், நிபந்தனைய முன்னாடி எழுதி பின்னாடி ஆனால்னு வரும், நம்ம பேசுற வரிசைலயே. வேலைக்குப் போற எடத்துல தமிழ்ல பேர் வைங்கன்னு நான் பசங்கள்ட்ட சொல்றதில்ல. ஆனா பேர் வைக்கறதுக்கு முன்னாடி அந்த மெத்தட் என்ன செய்யுதுன்னு தமிழ்ல ஒரு வரி சொல்லுடான்னு சொல்லுவேன். "ஸ்டாக்க செக் பண்ணும் சார்"ம்பான். இருக்கான்னு கேக்குதா, எடுத்து வைக்குதாம்பேன். அங்கதான் முழிப்பான்.

ஜாவால_இருந்து_வந்தவன்

எல்லாருக்கும் நன்றி, குறிப்பா அந்த 300 பீஸ் கதைக்கு. படிச்சிட்டு என்னோட செக்_ஸ்டாக்க தொறந்து பாத்தேன், வெக்கமா இருக்கு, அதுவும் ரெண்டு வேலைதான் பண்ணுது. இல்லன்னா பொய் குடுக்குது, கம்மியா இருந்தா ஓனருக்கு வாட்ஸ்அப் அனுப்புது!! இத யாராவது லிஸ்ட் பேஜ்ல போட்டிருந்தா அந்த மனுஷன் போன் உருகியிருக்கும். இப்ப இன்_ஸ்டாக்?, அலெர்ட்_ஓனர்னு ரெண்டா பிரிச்சிட்டேன். கெட்_ எல்லாம் எடுத்தாச்சு, பேங்கையும் எடுத்தாச்சு. அக்கா ஏழு கமெண்ட மூடிட்டாங்க.

ஆனா ஒன்னுல இன்னும் சண்டை ஓடுது, இந்த தடவ அக்காவுக்கே தெரியல. பில்லுல ரவுண்ட்_ஆஃப்னு ஒரு மெத்தட் வச்சிருக்கேன். டீம்ல பாதி பேர், அது வினை, கூப்பிட்டா தொகைய முழு ரூபாயாக்கணும்ங்கறாங்க. மீதி பாதி, அது பில்லுக்கு கீழ வர்ற அந்த மைனஸ் 40 பைசா, அது பெயர்ச்சொல், நம்பரத்தான் குடுக்கணும்ங்கறாங்க. நான் நம்பர் குடுக்கற மாதிரிதான் எழுதியிருக்கேன். வாத்தி சார் முறைல தமிழ்ல சொல்லிப் பாத்தேன், "ரவுண்ட் ஆஃப் எவ்ளோ?"ன்னும் வருது, "ரவுண்ட் ஆஃப் பண்ணு"ன்னும் வருது. ரெண்டுமே நல்லா இருக்கு.

நல்_பாயிண்டர்

ரவுண்டிங்_அட்ஜஸ்ட்மெண்ட்னு வச்சுட்டு போங்க, குழப்பமே இல்ல.

ஜாவால_இருந்து_வந்தவன்

அதையும் சொல்லிப் பாத்தோம்ணே. கஸ்டமரோட கணக்குப்பிள்ளைக்கு டெமோ காட்டினப்ப "இது என்ன புதுசா அட்ஜஸ்ட்மெண்ட், யார கேட்டு அட்ஜஸ்ட் பண்றீங்க"ன்னு புடிச்சுக்கிட்டார். அவர் டேலில வருஷக்கணக்கா ரவுண்ட் ஆஃப்னுதான் லெட்ஜர் வச்சிருக்கார்.

பழைய_தண்டவாளம்

கணக்குப்பிள்ளை பாக்கறது ஸ்க்ரீன்ல இருக்கற லேபிள், அது ரவுண்ட் ஆஃப்னே இருக்கட்டும், அவர் சொல்ற வார்த்தைதான் அங்க சட்டம். கோட்ல ரவுண்ட்_ஆஃப்_அமவுண்ட்னு வை, பின்னாடி அமவுண்ட் வந்துட்டா ஒருத்தனும் அத வேலைன்னு நெனைக்க மாட்டான், அவர் வார்த்தையும் உள்ளயே இருக்கும். நாளைக்கு அவர் போன் பண்ணி ரவுண்ட் ஆஃப் தப்பா வருதுன்னா ஒரே தேடல்ல கெடைக்கும்.

குறுக்க_பேசுறவன்

அமவுண்ட்டா, அமௌண்ட்டா? ஸ்பெல்லிங்ல அடுத்த திரெட் ஆரம்பிக்கவா?

ஜாவால_இருந்து_வந்தவன்

ரவுண்ட்_ஆஃப்_அமவுண்ட்னு போட்டு புஷ் பண்ணிட்டேன். அக்கா அப்ரூவ் பண்ணிட்டாங்க, கூடவே ஒரு கமெண்ட்: "அந்த கெட்_ரேட்ட நான் மறக்கல."